வெந்நீர்ப் பையும் எட்டாவது தோட்டாவும்

அன்செல்மோ ப்ரெத்தியின் மணிக்கட்டுகளை நான்கு வருடமாகப் பார்த்துவருகிறேன். வலதுதான் மோசம். காலையில் வீங்கியிருக்கும், பத்து மணிக்கு மேல் கொஞ்சம் வற்றும், சாயங்காலம் மறுபடி ஏறும். காரணம் இரண்டு. ஒன்று அவர் மனைவி ஒலிண்டா, இன்னொன்று அவருடைய கைத்துப்பாக்கி. இரண்டையும் அவர் விடுவதாக இல்லை. நான் மருந்து தடவி, கிரேப் பேண்டேஜ் சுற்றிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போவேன்.

ஒலிண்டாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. புத்தி தெளிவாக இருக்கிறது, பேச்சு மட்டும் மெதுவாக வரும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு என்று ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது அவளைத் தூக்கவேண்டும். பகலில் நான். ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் அவர். முதல் வாரமே செய்து காட்டினேன்: முழங்காலை மடக்க வேண்டும், நோயாளியை மார்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும், இடுப்பு பலத்தில் எழ வேண்டும், கையால் இழுக்கக் கூடாது. தலையை ஆட்டினார். மறுநாள் கையால் இழுத்தார்.

“இது கோதுமை மூட்டை இல்ல, உங்க பொண்டாட்டி,” என்றேன்.

“மூட்டை திட்டாது, டோன்யா எர்சீலியா,” என்றார். டோன்யா என்பது எங்கள் பக்கத்தில் வயதான பெண்களுக்குத் தரும் மரியாதை.

“மூட்டைய இப்படித் தூக்கியிருந்தா... கிடங்குல சீட்டக் கிழிச்சு... அனுப்பியிருப்பாங்க,” என்றாள் ஒலிண்டா. அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு அரை நிமிடம் பிடித்தது. நாங்கள் இருவரும் நின்று கேட்டோம்.

அன்செல்மோவுக்கு அறுபத்தாறு வயது. எங்கள் ஊர் கொலோனியா பெர்த்தோலேயிலேயே பிறந்தவர். தானியக் கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் மெக்கானிக். அந்தத் தூசியில் இருந்த இருமல் இன்னும் போகவில்லை. பட்டைச் சக்கரங்களின் இரைச்சலில் இடது காது பாதி போய்விட்டது. இருபத்தொன்பது வயதில் ஊர்த் துப்பாக்கி கிளப்பில் சேர்ந்தார். எட்டுக் களங்களில் ஓடி ஓடிக் காகித இலக்குகளைச் சுடும் போட்டி அது. நேரமும் கணக்கு, புள்ளியும் கணக்கு. அங்கே தராசு மேஜையில் உட்கார்ந்திருந்தவள்தான் ஒலிண்டா. அன்றைக்கு அவருடைய தோட்டாவின் சக்தி நூற்று எழுபத்து நான்கு என்று அவள் எழுதினாள். ஐந்து என்று அவர் சண்டை போட்டார். பேப்பரில் மூன்று தடவை பெருக்கிக் காட்டியும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டார்கள். இன்றும் அது ஐந்துதான் என்பார்.

அந்தக் கணக்கைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சிக்கலானது இல்லை. பலவீனமான தோட்டா கையை உதைக்காது. உதைக்காவிட்டால் வேகமாகச் சுடலாம். அப்படியே விட்டால் எல்லோரும் பட்டாசு மாதிரி எதையாவது போட்டுக்கொண்டு வருவார்கள். அதனால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் சக்தி பார்க்கவேண்டும் என்று விதி. குண்டின் எடையை அது பறக்கும் வேகத்தால் பெருக்கி, மூன்று இலக்கத்தைத் தள்ளிவிட்டால் ஓர் எண் வரும். நூற்று எழுபதோ அதற்கு மேலோ வந்தால் பெரிய ரகம். இலக்கின் ஓரத்தில் பட்டாலும் அதிகப் புள்ளி கிடைக்கும். அதற்குக் கீழே நூற்று இருபத்தைந்து வரை சின்ன ரகம். ஓரத்தில் பட்டால் புள்ளி குறையும். நூற்று இருபத்தைந்தும் வராவிட்டால் சுடலாம், ஆனால் கணக்கில் சேராது. எந்த ரகம் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடவேண்டும். சொன்னது உண்மையா என்று நாங்கள் பார்ப்போம்.

நாங்கள் என்றால் நானும் ரொஹேலியோ தெஸ்ஸியோவும். ரொஹேலியோ முன்பு வெளியூர் பஸ் ஓட்டினார். இப்போது குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியை ஓட்டுகிறார். ஒவ்வொருவரிடமிருந்தும் எட்டுத் தோட்டா எடுத்துக்கொள்வார். ஒன்றைப் பிளாஸ்டிக் சுத்தியலுக்குள் வைத்து மரக்கட்டையில் அடித்தால் குண்டு தனியாகவும் வெடிமருந்து தனியாகவும் கழன்றுவிடும். அந்தக் குண்டை நான் நிறுப்பேன். பிறகு போட்டியாளரின் துப்பாக்கியிலேயே மூன்று தோட்டாவை ரொஹேலியோ வேகமானிக்கு மேலே சுடுவார். போதவில்லையென்றால் இன்னும் மூன்று. எட்டாவது என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒலிண்டா முப்பத்துமூன்று வருடம் உட்கார்ந்த நாற்காலியில்தான் நான் உட்கார்கிறேன். அவள் விழுந்த பிறகு கிளப்பில் அந்த வேலைக்குச் சரியான ஆள் அமையவில்லை. வந்தவர்கள் எல்லோரும் சுடுகிறவர்கள், ஆளுக்கொரு பக்கம் இருந்தது. நான் சுடுவதில்லை. ஐம்பத்திரண்டு வயதில் நகராட்சியின் பராமரிப்பாளர் பயிற்சி முடித்தேன், இப்போது எழுபத்தொன்று. சொட்டு மருந்தை எண்ணி ஊற்றிய கை இன்னும் நடுங்கவில்லை. அது போதும் என்றார்கள். ஒலிண்டாவும் போகச் சொன்னாள். “கேக் மூடியப் போட்டு நிறு... காத்து பூந்துரும்,” என்பது மட்டும்தான் அவள் தந்த பயிற்சி. இன்றுவரை தராசை ஒரு கண்ணாடிக் கேக் மூடிக்குள் வைத்துத்தான் நிறுக்கிறேன்.

இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசமில்லை. காய்ச்சல் நூற்று மூன்று என்றால் வீட்டுக்காரர்கள் தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்பார்கள். இங்கே எண் குறைந்தால் வேகமானி கெட்டுவிட்டது என்பார்கள். காலையில் கிளப்பின் சொந்தத் துப்பாக்கியால், சக்தி தெரிந்த தோட்டாவைச் சுட்டுச் சரிபார்த்து எழுதிய சீட்டை ரொஹேலியோ மேஜையிலேயே ஒட்டிவைத்திருப்பார். யாரும் படிக்கமாட்டார்கள்.

அன்செல்மோ முப்பது வருடத்துக்கு மேலாகப் பெரிய ரகம்தான் சுட்டார். தோட்டாவை வீட்டில் அவரே செய்வார். துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், கையால் இழுக்கும் சின்ன இயந்திரம். கோடையில்தான் செய்வார்; எங்கள் பக்கம் கோடை ஜனவரியில், குளிர் ஜூலையில். மதியம் ஒலிண்டா இரண்டு மணி நேரம் தூங்குவாள், அந்த நேரம் அவருடையது. ஜனவரியில் உட்கார்ந்து வருடம் முழுவதற்கும் செய்து அடுக்கிவிடுவார். முன்பெல்லாம் நூற்று எழுபத்தைந்து வரும்படி மருந்து போடுவார். இந்த வருடம் மணிக்கட்டு இடம் தரவில்லை. மருந்தை ஒவ்வொரு சிட்டிகையாகக் குறைத்தார். குறைத்துச் சுட்டுப் பார்த்து, மறுபடி குறைத்து, கடைசியில் கிளப்பில் ரொஹேலியோ முன்னால் சுட்டுக் காட்டினார். முப்பத்தெட்டு டிகிரி வெயில். நூற்று எழுபத்தொன்று வந்தது.

ரொஹேலியோ எண்ணைப் பார்த்தார், அன்செல்மோவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார்.

“இது ஜனவரி, அன்செல்மோ. மேட்ச் ஜூலைல.”

“தெரியும்.”

“குளிர்ல மருந்து மந்தமாயிரும்.”

“தெரியும்னேன்ல.”

“சின்ன ரகம்னு எழுதிட்டுப் போயேன். உன் வயசுல யார் என்ன சொல்லப்போறா?”

“சின்ன ரகம் பல் டாக்டருங்க சுடுறது,” என்றார் அன்செல்மோ. எங்கள் கிளப்பில் பல் டாக்டர் யாரும் இல்லை. பக்கத்து ஊர் கிளப்பில் ஒருவர் இருக்கிறார். அவரும் பெரிய ரகம்தான் சுடுகிறார்.

ஜூலையில் எங்கள் கிளப்பில் மாகாண இறுதிப் போட்டி. அறுபது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் முதலில் வருகிறவருக்கு மாகாண அணியில் ஓர் இடம். அந்த அணி மெந்தோசாவில் நான்கு நாள் தேசியப் போட்டிக்குப் போகும். நான்கு வருடத்துக்கு முன் அன்செல்மோவுக்கு அந்த இடம் கிடைத்தது. பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டுக் காப்பி குடிக்க உள்ளே வந்தபோது ஒலிண்டா சமையலறைத் தரையில் கிடந்தாள். அந்தப் பெட்டி மூன்று மாதம் காரிலேயே இருந்தது. அதற்குப் பிறகு எந்தப் போட்டியிலும் பெயர் கொடுக்கவில்லை. இந்த வருடம்தான் கொடுத்தார். கொடுக்கச் சொன்னவள் ஒலிண்டா.

அவர் அந்த இடத்துக்கு ஆசைப்பட்டார். வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் பழைய பெட்டியை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்ததை நான் பார்த்தேன். நானும் ஒரு கணக்குப் போட்டேன். நான்கு நாள், நாளைக்கு எட்டுத் தடவை, ராத்திரியும் சேர்த்து, நான் ஒருத்தி. அவர் போகக்கூடாது என்று நினைத்தேனா என்று கேட்டால், இல்லை. போகாவிட்டால் என் முதுகுக்கு நல்லது என்று நினைத்தேன். நினைத்ததை நினைத்தேன் என்றுதானே எழுதமுடியும்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. காலையில் புல் முழுக்க வெள்ளையாக உறைபனி. தெற்குக் காற்று வேறு. வீட்டில் தனியாக விடமுடியாது என்று ஒலிண்டாவையும் கூட்டிக்கொண்டு போனோம். கிளப் கேன்டீனில் விறகடுப்புப் பக்கம் சக்கர நாற்காலியை நிறுத்தி, இரண்டு போர்வை சுற்றினேன். கேன்டீனில் நெத்திலியும் பூண்டும் போட்டு மதியத்துக்கான சாற்றைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை அவளுக்குப் பிடிக்கும். சூடு முகத்துக்கு வந்தது, காலுக்கு வரவில்லை. விழுந்த பக்கத்துக் காலில் ரத்தம் சரியாக ஓடாது. தொட்டேன், கல் மாதிரி இருந்தது.

காலையில் ரப்பர் வெந்நீர்ப் பையை நானே நிரப்பிக் காரில் அவள் மடியில் வைத்தேன். இப்போது மடியில் இல்லை. நாற்காலிக்கு அடியில் இல்லை. காரிலும் இல்லை. காருக்குப் பின்னால் அன்செல்மோவின் தோள்பை இருந்தது. அவர் அடுத்த களத்தைப் பார்வையிடப் போயிருந்தார், துப்பாக்கி இடுப்பில். பையைத் திறந்தேன். ஒரு துண்டுக்குள் வெந்நீர்ப் பை. அதன் மேல் தோட்டாப் பெட்டி. அதன் மேல் இன்னொரு துண்டு. பெட்டி அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி கதகதப்பாக இருந்தது.

பை எதற்கு அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மூன்று குளிர்காலம் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். விதிப் புத்தகத்தில் வெந்நீர்ப் பையைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது, அதுவும் தெரியும். ஆனால் பக்கவாதம் வந்த பொம்பளையின் காலிலிருந்து உருவிக்கொண்டு வந்து துப்பாக்கி மருந்துக்குக் கணப்புப் போடுகிறாரே என்றுதான் தோன்றியது. வெந்நீர்ப் பையை எடுத்தேன். தோட்டாப் பெட்டியை வெறும் துண்டின் மேல் வைத்து மூடினேன்.

கேன்டீனுக்குப் போய் ஒலிண்டாவின் பாதத்துக்கு அடியில் வைத்தேன். அவள் நல்ல காலால் அதைத் தள்ளினாள்.

“எடு... இத.”

“கால் சில்லுன்னு இருக்கு, ஒலிண்டா.”

“என் காலு... எனக்குத் தெரியாதா? கொண்டுபோ.”

“ரெண்டு நிமிஷம் இருக்கட்டும்.”

“அறிவிருக்கா... உனக்கு?”

மாத்திரையைத் துப்புவாள், சூப்பைத் தள்ளுவாள், போர்வையை உதைப்பாள். நான்கு வருடமாகப் பார்க்கிறேன். அதில் ஒன்றாக இதையும் எடுத்துக்கொண்டேன். போர்வையைக் காலுக்கு அடியில் இறுக்கிச் செருகினேன். வெளியே ரொஹேலியோ என் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார், முதல் குழு மேஜைக்கு வந்துவிட்டது. அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். முடியும்வரை நான் நிற்கவில்லை. நான்கு வருடத்தில் அவள் பேச்சு முடியும்முன் எழுந்துபோனது அன்றுதான்.

அன்செல்மோவின் குழு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. நான்கு களம் முடித்திருந்தார்கள். அவர் பிரிவில் அவர்தான் முன்னால் இருந்தார், பல் டாக்டர் இரண்டாவது. இருவரும் ஒரே குழுவில். அன்செல்மோ பையை மேஜைக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தார். துண்டைத் தூக்கினார். கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியை எடுத்து ரொஹேலியோவிடம் நீட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

ரொஹேலியோ எட்டு எடுத்தார். ஒன்றைச் சுத்தியலில் அடித்து, குண்டை என்னிடம் தந்தார். மூடியைத் தூக்கி, வைத்து, மூடினேன். எடையைக் கிரெய்ன் என்ற அளவில் சொல்வோம். ஒரு கிரெய்ன் ஏறக்குறைய இரண்டு கோதுமைமணி கனம். நூற்று எழுபத்தொன்பது புள்ளி ஆறு. எழுதினேன்.

ரொஹேலியோ காதடைப்பானைப் போட்டுக்கொண்டு அன்செல்மோவின் துப்பாக்கியால் மூன்று சுட்டார். நொடிக்குத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு அடி, தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு, தொள்ளாயிரத்து முப்பத்தாறு. கணக்குப் போட்டேன். நூற்று அறுபத்தெட்டு புள்ளி ஏழு.

பல் டாக்டர் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இன்னும் மூணு,” என்றார் ரொஹேலியோ.

நாற்பத்தொன்று, நாற்பத்தாறு, முப்பத்தேழு. ஆறில் வேகமான மூன்றை எடுத்துச் சராசரி பார்க்கவேண்டும். நூற்று அறுபத்தொன்பது புள்ளி நான்கு எட்டு.

“உன் வேகமானிக்குச் சளி பிடிச்சிருக்கு,” என்றார் அன்செல்மோ.

“காலைல சரிபார்த்த சீட்டு ஒட்டியிருக்கு, படி.”

“கண்ணாடி கொண்டுவரல.”

“அப்ப நான் சொல்றத நம்பு. ஒண்ணு பாக்கி. சுடவா, நிறுக்கவா?”

இதுதான் எட்டாவது தோட்டா. கடைசித் தோட்டாவை என்ன செய்வது என்று போட்டியாளரே சொல்லவேண்டும். சுடச் சொல்லலாம், அது மற்றவற்றை விட வேகமாகப் போனால் சராசரி ஏறும். அல்லது உடைத்து நிறுக்கச் சொல்லலாம், அந்தக் குண்டு முதல் குண்டை விடக் கனமாக இருந்தால் புது எடையால் பெருக்கலாம். இரண்டில் ஒன்றுதான். மாற்றிச் சொல்ல முடியாது.

பேப்பரில் கணக்குப் பார்த்தேன். சுட்டால் தொள்ளாயிரத்து ஐம்பதைத் தொடவேண்டும், அன்று காலை அவர் தோட்டா எதுவும் அந்தப் பக்கமே போகவில்லை. நிறுத்தால் நூற்று எண்பது புள்ளி இரண்டு வேண்டும். அவர் வாங்கும் ஈயக் குண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அன்செல்மோ வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். வலியா, பழக்கமா தெரியாது.

“நிறுங்க, டோன்யா,” என்றார்.

சுத்தியல் மூன்று தடவை கட்டையில் விழுந்தது. குண்டைத் துணியால் துடைத்தேன், ஒட்டிய மருந்துத் துகளை ஊதினேன். தட்டில் வைத்து மூடியைக் கவிழ்த்தேன். எண் ஓடி நூற்று எண்பதுக்கு வந்தது. புள்ளி இரண்டு. புள்ளி ஒன்று. புள்ளி இரண்டு. காற்று மேஜைத் துணியைத் தூக்கியடித்தது. நான் முழங்கையைத் துணியின் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். புள்ளி இரண்டில் ஒரு மூச்சு நேரம் நின்றது. அப்போதே படித்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ரொஹேலியோ என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார், அவரும் கேட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் நாடி பார்க்கும்போது முழு நிமிடம் எண்ணு என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். காத்திருந்தேன். காற்று ஓய்ந்தது. புள்ளி ஒன்றில் நின்று, அங்கேயே இருந்தது.

“நூத்தியெண்பது புள்ளி ஒண்ணு,” என்றேன்.

நூற்று அறுபத்தொன்பது புள்ளி ஒன்பது ஐந்து. விதியில் மேலே தள்ளிக் கணக்கிடுவது கிடையாது. நூற்று எழுபதுக்குக் குறைவு என்றால் குறைவுதான்.

“சின்ன ரகம்,” என்றார் ரொஹேலியோ. பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது போலச் சொன்னார். சீட்டை நீட்டினார். அன்செல்மோ இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

அது வரைக்கும் சுட்ட நான்கு களத்துக்கும் புள்ளி மாறியது. ஓரத்தில் பட்டதெல்லாம் குறைந்தது. மீதி நான்கையும் அவர் ஒழுங்காகச் சுட்டார், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் மூன்றாவது. இடம் பல் டாக்டருக்குப் போனது. அவர் வந்து கை கொடுத்தார். அன்செல்மோ வலது கையைத் தராமல் இடதைக் கொடுத்தார், அதை அவர் தப்பாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

மதியம் காரில் சாமான் வைக்கும்போது நானே சொன்னேன்.

“பைய நான்தான் எடுத்தேன்.”

“பார்த்தேன்.”

“அப்பவே கேட்டிருக்கலாமே.”

“எல்லார் முன்னாலயும் என் வெந்நீர்ப் பை எங்கன்னு கேக்கச் சொல்றீங்களா?” கார்க் கதவைச் சாத்தினார். “கால் சில்லுன்னா இருந்துச்சு?”

“கல்லு மாதிரி.”

“அப்புறம் என்ன.”

அவ்வளவுதான் அவர் பேசியது. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒலிண்டா திட்டினாள். வீட்டுக்கு வந்து கட்டிலில் படுக்கவைத்த பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக. நான் இந்தத் தடவை உட்கார்ந்து கடைசி வரை கேட்டேன். பையை அவர் உருவவில்லை. காரிலிருந்து இறங்கும்போது அவளே மடியிலிருந்து எடுத்து அவர் கையில் திணித்திருக்கிறாள். வேண்டாம் என்று அவர் இரண்டு தடவை திருப்பித் தந்திருக்கிறார்.

“முப்பத்திமூணு வருஷம்... அந்த மேஜைல இருந்தவ நான். குளிர்ல மருந்து... என்ன பண்ணும்னு... இவருக்கே நான்தான் சொல்லிக்குடுத்தேன். கால் சில்லுன்னா... ஒரு நாள் காலைல... செத்தாப்போயிருவேன்? எடுன்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்னே.”

“கேட்டியா?”

“கேக்கல.”

“நாலு நாளு... இந்த மூஞ்சியப் பாக்காம... நிம்மதியா இருந்திருப்பேன். கெடுத்தியே.”

அறைக்கு வெளியே அன்செல்மோ மாத்தே என்ற எங்கள் கசப்புத் தேநீருக்குத் தண்ணீர் சுடவைத்துக்கொண்டிருந்தார். “அந்த மூஞ்சி இங்கதான் நிக்குது, கிழவி,” என்றார்.

“தெரியுது, கிழவா. வாசனை வருது.”

அன்று இன்னொன்றும் தெரிந்தது. அந்த நான்கு நாளுக்கு ஒலிண்டாவின் தங்கை ஐதே வருவதாக மே மாதமே பேசி முடித்திருக்கிறார்கள். அவள் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள், என்னை விடப் பதினைந்து வயது சின்னவள், தூக்கத் தெரிந்தவள். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் ஒருத்தியே சமாளிப்பேன் என்று வீம்பு பிடிப்பேன் என்று ஒலிண்டா சொல்லிவிட்டாளாம். நான் என் முதுகை வைத்துப் போட்ட கணக்கெல்லாம் வீண்.

ஐதே பஸ் டிக்கெட் எடுத்துவிட்டாள், லீவும் போட்டுவிட்டாள். அவர் போகவில்லை என்று ஆன பிறகும் வந்தாள். அந்த நான்கு நாளும் அன்செல்மோ வீட்டில் கூரை ஓட்டை அடைத்தார், ஐதே தூக்கினாள், என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மெந்தோசாவில் போட்டி நடந்த நான்கு நாளும் நான் என் வீட்டில் இருந்தேன். முதல் நாள் மனது உறுத்தியது. இரண்டாம் நாளிலிருந்து தூங்கினேன். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு தூக்கம் வந்ததில்லை.

திரும்பி வந்தபோது துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் அன்செல்மோ உட்கார்ந்திருந்தார். மீதமிருந்த முந்நூற்றுச் சொச்சம் தோட்டாவையும் ஒவ்வொன்றாகச் சுத்தியலில் அடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். இடது கையால். குண்டு ஒரு டப்பாவில், மருந்து ஒரு டப்பாவில்.

“எவ்வளவு போடப்போறீங்க?” என்று கேட்டேன்.

“நூத்தி முப்பது.”

“சின்ன ரகமா?”

“சின்ன ரகம்தான். அடுத்த வருஷம் குளிர் எவ்வளவு அடிச்சாலும் நூத்தியிருபத்தஞ்சுக்குக் கீழ போகாது.” ஒரு தோட்டாவை எடுத்துச் சுத்தியலுக்குள் போட்டார். “ஓரத்துல படாம நடுவுல சுட்டாப் போதும். நடுவுல சுட்டா எந்த ரகமும் ஒண்ணுதான்.”

“பல் டாக்டர் என்ன சொல்வாரு?”

“அவருக்கும் வயசாகும்.”

உள்ளே ஒலிண்டா மணியை அடித்தாள். கழிப்பறை நேரம். அன்செல்மோ எழுந்தார். நான் முந்திக்கொண்டு போய் முழங்காலை மடக்கி அவளை மார்போடு சேர்த்து எழுப்பினேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு நான் அப்படிச் செஞ்சு பாக்குறேன்,” என்றார்.

மறுநாள் கையால்தான் இழுத்தார். சாயங்காலம் மணிக்கட்டு வீங்கியிருந்தது. பேண்டேஜ் சுற்றிவிட்டு, வெந்நீர்ப் பையை நிரப்பி ஒலிண்டாவிடம் காட்டி, காலுக்கு வைக்கட்டுமா என்று கேட்டேன். யோசித்து, வை என்றாள். அதன் பிறகுதான் வைத்தேன்.